இருக்கக் கூடாத இடத்தில் இருந்த 43-ம் எண் தனிமம்!

வாசலில் போட்ட மாக்கோலம் இன்னும் ஈரமாக இருந்தால், போட்டவர் இப்போதுதான் உள்ளே போயிருக்கிறார் என்று அர்த்தம். இதைச் சொல்வதற்குத் துப்பறியும் நிபுணர் யாரும் தேவையில்லை. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணத்தில் உள்ள மவுண்ட் வில்சன் வானியல் ஆய்வகத்தைச் சேர்ந்த பால் மெரில், 1952-ல் அப்படி ஓர் ஈரக் கோலத்தை வானத்தில் பார்த்தார். அதுவும், பிறந்து பல நூறு கோடி ஆண்டுகள் ஆகிவிட்ட கிழட்டு நட்சத்திரங்களின் வாசலில்!

மெரில் அப்போது ஓய்வு பெறும் வயதில் இருந்தார். ஊதிப் பெருத்து, சிவந்து, மங்கிப் பிரகாசித்து மங்கும் வயதான நட்சத்திரங்கள்தான் அவருக்கு வாழ்நாள் வேலை. அவற்றில் ஒரு கூட்டத்துக்கு 'எஸ் வகை' என்று தனிப்பிரிவு கொடுத்ததே அவர்தான். அது 1922-ல். மற்ற சிவப்பு நட்சத்திரங்களிலிருந்து இவற்றைப் பிரித்துக் காட்டிய அடையாளம், இவற்றின் ஒளியில் தெரிந்த ஸிர்கோனியம் ஆக்சைடு. கவரிங் நகைக் கடையில் 'அமெரிக்கன் டைமண்ட்' என்று விற்கிறார்களே, அந்தக் கல்லும் ஒருவகை ஸிர்கோனியம் ஆக்சைடுதான். நட்சத்திரத்தில் இருப்பது அதற்கு நெருங்கிய சொந்தம்.

ஒரு நட்சத்திரத்தில் என்ன இருக்கிறது என்பதை அங்கே போகாமலே எப்படிச் சொல்கிறார்கள்? அதன் ஒளியை வானவில்போலப் பிரித்தால், நடுநடுவே மெல்லிய கறுப்புக் கோடுகள் தெரியும். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய இடங்களில் கோடு போடும். ஒன்றின் கைரேகை இன்னொன்றுக்கு வராது. ஆர் ஆண்ட்ரோமெடே என்ற எஸ் வகை நட்சத்திரம் உள்ளிட்ட சிலவற்றின் ஊதா, நீலப் பகுதிகளில் மெரில் பார்த்த சில கோடுகள், டெக்னீஷியம் என்ற தனிமத்தின் கைரேகையோடு அப்படியே பொருந்தின.

பிரச்னை அங்கேதான் ஆரம்பித்தது.

பூமியில் தேடித் தேடி அலுத்துப்போன பெயர்

ஸ்கூலில் மாட்டியிருந்த தனிம அட்டவணையை ஞாபகப்படுத்திக்கொண்டால், 42-வது கட்டத்தில் மாலிப்டினம், 44-ல் ருத்தீனியம். நடுவில் இருப்பதுதான் டெக்னீஷியம். 19-ம் நூற்றாண்டில் மெண்டலீவ் அட்டவணை போட்டபோதே, மாங்கனீஸுக்குக் கீழே ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு, 'இங்கே ஒருவர் வருவார்' என்று துண்டு போட்டு வைத்தார். பல பேர் தேடினார்கள். கிடைத்துவிட்டது என்று அவ்வப்போது சிலர் அறிவிக்கவும் செய்தார்கள். எதுவும் நிற்கவில்லை.

கடைசியில் 1937-ல் இத்தாலியின் பலெர்மோ நகரத்தில் கிடைத்தது. ஆனால் எந்தச் சுரங்கத்திலிருந்தும் அல்ல. அமெரிக்காவின் பெர்க்லியில் எர்னஸ்ட் லாரன்ஸ் கட்டியிருந்த சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கியில், பல மாதங்கள் அடி வாங்கிக் கழற்றிப்போட்ட ஒரு மாலிப்டினத் தகடு இருந்தது. அதைத் தபாலில் வாங்கி, எமிலியோ செக்ரேயும் கார்லோ பெரியேரும் ஆராய்ந்தார்கள். தகட்டில் அதுவரை யாரும் பார்க்காத 43-ம் எண் தனிமம் ஒட்டிக்கொண்டிருந்தது. மனிதன் செயற்கையாக உண்டாக்கிய முதல் தனிமம் அது. அதனால்தான் 'செயற்கை' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வைத்தார்கள்.

இயற்கையில் கிடைக்காமல் போனதற்குக் காரணம் எளிது. டெக்னீஷியத்துக்கு நிலையான வடிவமே கிடையாது. எந்த ஐசோடோப்பாக இருந்தாலும் சிதைந்துகொண்டே இருக்கும். உள்ளதிலேயே நீண்ட ஆயுள் கொண்டதற்கு அரை ஆயுள் சுமார் 42 லட்சம் ஆண்டுகள். பூமியின் வயதோ சுமார் 450 கோடி ஆண்டுகள். பூமி உருவான நாளில் டன் கணக்கில் இருந்திருந்தாலும், இன்றைக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. யுரேனியத் தாது சிலவற்றில் யுரேனியம் தானாக உடையும்போது பிறக்கும் துளித் தடயம் மட்டும் உண்டு.

இதே கணக்கை நட்சத்திரத்துக்குப் போட்டுப் பார்த்தால்தான் மெரிலின் தலைவலி புரியும். நட்சத்திரங்களில் உருவாகும் வகை, டெக்னீஷியம்-99. அதன் அரை ஆயுள் சுமார் 2,11,000 ஆண்டுகள். அதாவது, ஒவ்வொரு 2,11,000 ஆண்டுக்கும் இருப்பு பாதியாகும். 21 லட்சம் ஆண்டுகளில் பத்து தடவை பாதியாகி, ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். அந்த நட்சத்திரங்களின் வயதோடு ஒப்பிட்டால் 21 லட்சம் ஆண்டு என்பது நேற்று சாயங்காலம் மாதிரி. பிறக்கும்போதே கூட வந்த சரக்காக இருந்தால் எப்போதோ காலியாகியிருக்க வேண்டும்.

மெரில் ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. தன் குறிப்பில் சாத்தியங்களை மட்டும் வரிசைப்படுத்தினார். பூமியில் இதுவரை அகப்படாத நிலையான டெக்னீஷியம் ஒன்று இருக்கலாம். அல்லது இந்த நட்சத்திரங்கள் எப்படியோ அதைத் தயாரித்துக்கொண்டே இருக்கலாம். அல்லது எஸ் வகை என்பதே நட்சத்திர வாழ்க்கையில் சீக்கிரம் கடந்துபோகும் ஒரு கட்டமாக இருக்கலாம். முதல் சாத்தியம் அடிபட்டுப்போனது. மற்ற இரண்டுமே உண்மை என்று பின்னால் தெரிந்தது. ஒரு விஞ்ஞானி எழுதிய சந்தேகப் பட்டியலில் மூன்றுக்கு இரண்டு சரியாக அமைவது அபூர்வம்தான்.

ஏன் இது பெரிய விஷயம்?

அந்தக் காலத்தில் நடந்துகொண்டிருந்த சண்டை தெரிந்தால்தான் இதன் கனம் புரியும். உலகத்தில் உள்ள இத்தனை தனிமங்களும் எங்கே சமைக்கப்பட்டன என்பதுதான் கேள்வி. ஜார்ஜ் கேமோவும் அவர் மாணவர் ரால்ஃப் ஆல்ஃபரும் 1948-ல் ஒரு பதில் சொன்னார்கள்: எல்லாமே பிரபஞ்சம் பிறந்த முதல் சில நிமிடங்களில், ஒரே அடுப்பில், நியூட்ரான்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துச் சேர்த்து உருவானவை.

கேட்க அழகாக இருந்தது. ஆனால் படிக்கட்டு ஆரம்பத்திலேயே உடைந்திருந்தது. எடை எண் 5-லும் 8-லும் நிலையான அணுக்கரு எதுவும் கிடையாது. ஹீலியத்தைத் தாண்டி அடுத்த படியில் கால் வைத்தால் கால் நழுவும். பிரபஞ்சம் வேகமாக ஆறிக்கொண்டிருந்தபோது அந்தப் பள்ளத்தைத் தாண்ட அவகாசம் இல்லை. ஃப்ரெட் ஹாய்ல் போன்றவர்கள், 'இல்லை, நட்சத்திரங்கள்தான் அடுப்பு' என்றார்கள். ஆனால் நேரடிச் சாட்சி?

மெரிலின் கோடுகள்தான் அந்தச் சாட்சி. சில லட்சம் ஆண்டுகளில் காணாமல்போகும் ஒரு தனிமம், ஒரு நட்சத்திரத்தின் மேற்பரப்பில் இருக்கிறது என்றால், அது அந்த நட்சத்திரத்துக்கு உள்ளேயே, சமீபத்தில் உண்டாகியிருக்கிறது. கோலம் இன்னும் காயவில்லை!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நியூட்ரான்களைச் சேர்த்துச் சேர்த்துக் கனமான தனிமம் செய்யலாம் என்ற கேமோவின் சமையல் குறிப்பு சரிதான். அடுப்பு இருந்த வீட்டு முகவரியைத்தான் மாற்றி எழுதிவிட்டார்.

கதவு தட்டாமல் உள்ளே வரும் விருந்தாளி

இரும்பு வரைக்குமான தனிமங்களை நட்சத்திரங்கள் அணுக்கருக்களை ஒன்றோடு ஒன்று மோதவிட்டுச் சேர்க்கின்றன. அதற்கு மேல் அந்த வழி ஓடாது. அணுக்கரு பெரிதாகப் பெரிதாக அதில் நேர்மின்னூட்டம் கூடும். ஒன்றையொன்று பிடித்துத் தள்ளும். தவிர, இரும்புக்கு மேல் சேர்த்தால் ஆற்றல் கிடைப்பதற்குப் பதில் கையிலிருந்து செலவாகும்.

நியூட்ரானுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதற்கு மின்னூட்டமே இல்லை. எந்த அணுக்கருவும் அதை வாசலிலேயே தடுத்து நிறுத்தாது. நேராக உள்ளே போய் உட்கார்ந்துவிடும்.

இரும்பு-56-ல் 26 புரோட்டான், 30 நியூட்ரான். ஒரு நியூட்ரான் உள்ளே வந்தால் இரும்பு-57. இன்னொன்று வந்தால் 58. இரண்டுமே நிலையானவை. மூன்றாவதாக ஒன்று வந்து இரும்பு-59 ஆனதும் நிலைமை மாறுகிறது. நெரிசல் தாங்காது. சுமார் 44 நாள் அரை ஆயுளில், உள்ளே இருக்கும் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறிவிடும். ஓர் எலெக்ட்ரான் வெளியே பறக்கும். புரோட்டான் எண்ணிக்கை 27 ஆகிவிட்டது. இப்போது அது இரும்பு அல்ல, கோபால்ட். பெயர்ப்பலகையே மாறிவிட்டது! கோபால்ட்-59 ஒரு நியூட்ரானைப் பிடித்தால் கோபால்ட்-60. கேன்சருக்குக் கதிர் சிகிச்சை கொடுக்கும் கருவிகளில் பல காலம் பயன்பட்டது இதே ஐசோடோப்தான். சுமார் ஐந்து ஆண்டு அரை ஆயுளில் அது நிக்கல் ஆகும். பிறகு செம்பு, துத்தநாகம் என்று ஏறிக்கொண்டே போகலாம்.

இதில் முக்கியமான வார்த்தை 'நிதானம்'. ஒரு நியூட்ரான் வந்து சேர்ந்தபின் அடுத்தது வருவதற்குள் ஆண்டுகள் ஆகலாம், நூற்றாண்டுகளும் ஆகலாம். அந்த இடைவெளியில், நிலையில்லாத அணுக்கரு சாவகாசமாக அடுத்த தனிமமாக மாறிக்கொள்கிறது. அதனால்தான் விஞ்ஞானிகள் இதற்கு ஆங்கிலத்தில் 'ஸ்லோ' என்பதன் முதலெழுத்தைக் கொண்டு 'எஸ் செயல்முறை' என்று பெயர் வைத்தார்கள். மெரிலின் எஸ் வகை நட்சத்திரத்துக்கும் இந்த எஸ்ஸுக்கும் பெயரளவில் சம்பந்தம் இல்லை, தற்செயல்தான். ஆனால் குழப்புவதற்கென்றே அமைந்த தற்செயல்!

இந்தப் பயணத்தில் மூன்று டோல்கேட்கள் உண்டு. 50, 82, 126 என்று நியூட்ரான் எண்ணிக்கை அமைந்துவிட்டால், அணுக்கரு மிகவும் திருப்தியாகிவிடும். அடுத்த நியூட்ரானை ஏற்கச் சுணங்கும். நெடுஞ்சாலையில் ஓடிவந்த வண்டிகள் டோல்கேட்டில் தேங்கி நிற்பதுபோல, அங்கே வந்துசேரும் அணுக்கருக்கள் குவிந்துவிடும். முதல் டோல்கேட்டில் தேங்குபவை ஸ்ட்ரான்ஷியம், யிட்ரியம், ஸிர்கோனியம். இரண்டாவதில் பேரியம், லாந்தனம், சீரியம். மூன்றாவதில் காரீயம். எந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்று 1956-ல் ஹான்ஸ் சூஸ், ஹெரால்ட் யூரி இருவரும் வெளியிட்ட பட்டியலில், இந்த மேடுகள் தெளிவாக எழும்பி நின்றன. மெரிலின் நட்சத்திரங்களில் ஸிர்கோனியம் ஏன் அவ்வளவு தூக்கலாகத் தெரிந்தது என்பதற்கு விடை, முதல் டோல்கேட்.

எல்லை எது? காரீயத்தைத் தாண்டி பிஸ்மத்-209 வரை ஏறலாம். அதற்கு மேல் ஒரு நியூட்ரான் பிடித்தால், அது பொலோனியமாக மாறி, ஒரு ஹீலியம் கருவைத் துப்பிவிட்டு, திரும்பக் காரீயமாகவே கீழே வந்து விழும். பரமபதத்தில் சொர்க்கவாசலுக்குப் பக்கத்தில் வாய் திறந்து காத்திருக்குமே பெரிய பாம்பு, அதுதான் இது. நிதானமாக ஏறுபவர்கள் யாரும் இதைத் தாண்டி தோரியத்தையோ யுரேனியத்தையோ தொட முடியாது.

கடுகுக்குள் அடுப்பு

சரி, அந்த நியூட்ரான்கள் எங்கிருந்து வருகின்றன? தனியாக விட்டால் கால் மணி நேரத்தில் சிதைந்துபோகும் துகள் நியூட்ரான். சேமித்து வைக்க முடியாது. அவ்வப்போது புதிதாகச் செய்ய வேண்டும்.

சூரியனைவிடக் கொஞ்சம் கனமானது முதல் சில மடங்கு கனமானது வரையிலான ஒரு நட்சத்திரம், தன் நடுப்பகுதி ஹைட்ரஜனையும் பிறகு ஹீலியத்தையும் எரித்துத் தீர்த்தபின், சூரியனைப்போலச் சில நூறு மடங்கு அகலத்துக்கு ஊதிவிடுகிறது. ஆனால் உண்மையான வேலை நடப்பது நடுவில், கிட்டத்தட்ட பூமியின் அளவுக்குச் சுருங்கிக் கிடக்கும் கருவைச் சுற்றி. அந்தக் கருவை ஒரு கடுகாக வைத்துக்கொண்டால், நட்சத்திரம் ஒரு கால்பந்து மைதானத்தின் அகலம் வரும். மீதியெல்லாம் மெல்லிய வாயு.

கடுகு என்பது கார்பனும் ஆக்சிஜனும். அதன் மேல் ஹீலியம் ஓர் அடுக்கு. அதற்கும் மேல் ஹைட்ரஜன். ஹைட்ரஜன் அடுக்கு அமைதியாக எரிந்து, ஹீலியத்தைக் கீழே சேர்த்துக்கொண்டே இருக்கும். ஓர் அளவுக்கு மேல் சேர்ந்ததும் ஹீலியம் அடுக்கு சட்டென்று பொங்கிவிடும், மூடி போட்ட பால் பாத்திரம் மாதிரி. சில நூறு ஆண்டுகளுக்குள் அடங்கும். அடுத்த பொங்கலுக்கு ஆயிரக்கணக்கான, சில சமயம் லட்சம் ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். 1965-ல் மார்ட்டின் ஷ்வார்ஷில்டும் ரிச்சர்ட் ஹார்மும் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுத்தான் இந்தப் பொங்கலைக் கண்டுபிடித்தார்கள்.

ஒவ்வொரு பொங்கலுக்கும் பிறகு, மேலே உள்ள ஹைட்ரஜனில் கொஞ்சம் கீழே இறங்கி, கார்பன் மிகுந்த பகுதிக்குள் கலக்கிறது. ஹைட்ரஜனின் புரோட்டானைப் பிடித்த கார்பன்-12, கார்பன்-13 ஆகிறது. 9, 10 கோடி டிகிரி வெப்பத்தில் இந்த கார்பன்-13 ஒரு ஹீலியத்தைப் பிடித்து ஆக்சிஜனாக மாறும்போது, ஒரு நியூட்ரானை வெளியே விடுகிறது. கனடாவில் பணியாற்றிய அலஸ்டேர் கேமரன் இந்த வழியை 1955-லேயே சுட்டிக்காட்டினார். பல ஆயிரம் ஆண்டுகள் இப்படிச் சொட்டுச் சொட்டாக நியூட்ரான்கள் கசிய, பக்கத்தில் இருக்கும் இரும்புக் கருக்கள் அவற்றைப் பொறுமையாகப் பிடித்துக்கொண்டிருக்கும். ஹைட்ரஜன் எப்படி, எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதில் இன்னும் முழுத் தெளிவு வரவில்லை. இந்தத் துறையில் பாதி வாக்குவாதம் இதைச் சுற்றித்தான்.

அடுத்த பொங்கல் அடங்கியதும், மேலே கொதித்துப் புரளும் வாயு அடுக்கு ஆழமாக இறங்கி, சமைத்ததை அள்ளி மேலே கொண்டுவருகிறது. கிணற்றைத் தூர்வாரும்போது அடிச் சேறு மேலே வருவதுபோல. அந்தச் சேற்றில்தான் ஸிர்கோனியம் இருக்கிறது, பேரியம் இருக்கிறது, டெக்னீஷியமும் இருக்கிறது. மாலிப்டினம்-98 ஒரு நியூட்ரான் பிடித்து 99 ஆகி, 66 மணி நேர அரை ஆயுளில் டெக்னீஷியம்-99 ஆகிவிடுகிறது.

அந்தக் கடைசிப் படி, நட்சத்திரத்தில் மட்டும் நடப்பதல்ல. பெரிய ஆஸ்பத்திரிகளின் நியூக்ளியர் மெடிசின் பிரிவுகளிலும் தினமும் நடக்கிறது. எலும்பு ஸ்கேனுக்கும் இதய ஸ்கேனுக்கும் ஊசி வழியாகப் போடும் மருந்தில் இருப்பது டெக்னீஷியத்தின் ஆறு மணி நேர அரை ஆயுள் கொண்ட வடிவம். அதை எடுப்பதற்காக வைத்திருக்கும் சின்னப் பெட்டிக்குள் மாலிப்டினம்-99 சிதைந்துகொண்டிருக்கும். மெரிலைத் திகைக்க வைத்த பொருள், இன்றைக்கு உலகம் முழுக்க நோயாளிகளின் ரத்த நாளங்களில் ஓடுகிறது.

டெலஸ்கோப்பைத் தொட அனுமதி இல்லை

இதையெல்லாம் கோத்து ஒரே கதையாக எழுதியவர்கள் நான்கு பேர். மார்கரெட் பர்பிட்ஜ், அவர் கணவர் ஜெஃப்ரி பர்பிட்ஜ், வில்லியம் ஃபௌலர், ஃப்ரெட் ஹாய்ல். 1957-ல் வெளிவந்த அவர்களின் கட்டுரை நூறு பக்கத்துக்கு மேல். ஷேக்ஸ்பியரின் இரண்டு நாடகங்களிலிருந்து ஒன்றுக்கொன்று முரணான வரிகளோடு ஆரம்பிக்கும். நட்சத்திரங்களின் வெவ்வேறு வகைச் சமையலை அதில் பிரித்துப் பெயரிட்டார்கள். கேமரனும் அதே ஆண்டில் தனியாக உட்கார்ந்து ஏறக்குறைய அதே முடிவுகளுக்கு வந்திருந்தார். நால்வர் கட்டுரைக்குக் கிடைத்த புகழ் அவருக்குக் கிடைக்கவில்லை என்பது வருத்தம்தான்.

அந்த நால்வரில் வானத்தைப் பார்த்து ஆதாரம் சேர்த்தவர் மார்கரெட். ஆனால் அவர் அதற்காக ஏற வேண்டியிருந்த மலை, மவுண்ட் வில்சன். அங்கே பெண்களுக்கு டெலஸ்கோப் நேரம் கொடுக்கும் வழக்கம் இல்லை. 1940-களின் நடுவில் அவர் அங்கே ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தபோது, இது ஆண்களுக்கு மட்டும் என்று பதில் வந்தது. 1955-ல் குடும்பம் ஒரு வழி கண்டுபிடித்தது. கோட்பாட்டு இயற்பியலாளரான ஜெஃப்ரி விண்ணப்பித்தார், அவருக்குக் கிடைத்தது. காகிதத்தில் வானத்தைப் பார்ப்பவர் ஜெஃப்ரி, உதவியாளர் மார்கரெட். இருட்டறைக்குள் வேலை நேர்மாறாக நடந்தது. வானியலாளர்கள் தங்கும் விடுதிக்கு அங்கே 'மடாலயம்' என்றே பெயர். பெண்ணுக்கு அங்கே இடம் இல்லை என்பதால், இருவரும் தள்ளி இருந்த ஒரு குடிலில் தங்கி, தாங்களே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டார்கள். பிரபஞ்சத்தின் சமையலைக் கண்டறிய வந்தவர்களுக்கு மெஸ்ஸில் சாப்பாடு கிடையாது!

மார்கரெட் 100 வயது வரை வாழ்ந்து, 2020 ஏப்ரலில் காலமானார்.

1983-ல் ஃபௌலருக்கு இயற்பியல் நோபல் கிடைத்தது. பரிசின் மறுபாதி யாருக்கு என்பது தமிழ் வாசகர்களுக்கு நன்றாகத் தெரியும். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர்! மேலே சொன்ன கிழட்டு நட்சத்திரங்கள் தங்கள் மேலாடையை முழுதாக உதறியபின் எஞ்சும் கடுகுதான் 'வெண்குள்ளன்'. அது எவ்வளவு எடை வரை தாங்கும் என்று கணக்கிட்டவர் சந்திரசேகர். சமையலைச் சொன்னவருக்குப் பாதி, அணைந்த அடுப்பைச் சொன்னவருக்குப் பாதி என்று பிரித்துக் கொடுத்தது போல அமைந்துவிட்டது.

சம்பாதிக்காமல் வந்த சொத்து

இந்தக் கதையில் ஒரு துணைக் கதை, பேரியம் நட்சத்திரங்கள். 1951-ல் பைடல்மேன், கீனன் என்ற இருவர் அடையாளம் கண்டது. இவற்றின் மேற்பரப்பில் பேரியம் கொட்டிக் கிடக்கிறது. ஆனால் இவை இன்னும் அந்தப் பொங்கல் கட்டத்துக்கே வரவில்லை. உழைக்கவே ஆரம்பிக்காதவர் கையில் இவ்வளவு பணம் எப்படி? மார்கரெட்டும் ஜெஃப்ரியும் ஹெச்.டி. 46407 என்ற பேரியம் நட்சத்திரத்தைத்தான் அலசி 1957-ல் எழுதினார்கள். புதிர் மட்டும் நீடித்தது.

1980-ல் ராபர்ட் மெக்ளூர் குழுவினர் பதிலின் நுனியைப் பிடித்தார்கள். இந்த நட்சத்திரங்கள் முன்னும் பின்னும் மெல்ல ஆடுகின்றன. அதாவது, ஒவ்வொன்றுக்கும் கண்ணுக்குத் தெரியாத ஜோடி உண்டு. அந்த ஜோடிதான் மூத்தது. அது முதலில் கிழமாகி, சமைத்து, ஊதி, தன் மேலாடையை உதறியபோது, அதில் ஒரு பங்கு இதன் மேல் வந்து படிந்துவிட்டது. மூத்தது இப்போது வெண்குள்ளனாகி மங்கிக் கிடக்கிறது. பேரியம் என்பது பரம்பரைச் சொத்து!

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது: டெக்னீஷியம் இருக்கிறதா என்று தேடினால் போதும். பேரியம் அழியாது, எத்தனை கோடி ஆண்டானாலும் இருக்கும். டெக்னீஷியம் தங்காது. சொத்து கைமாறி வெகுகாலம் ஆகியிருந்தால் அது காணாமல் போயிருக்க வேண்டும். தேடினார்கள். பேரியம் நட்சத்திரங்களில் டெக்னீஷியம் இல்லை. எஸ் வகை நட்சத்திரங்களிலேயேகூட ஒரு பகுதிக்கு டெக்னீஷியம் இல்லை என்று தெரிந்தது. அவையும் ஜோடியிடமிருந்து வாங்கிக்கொண்டவை. சொந்தமாகச் சம்பாதித்தது யார், சுவீகாரம் வாங்கியது யார் என்று ஒரே ஒரு தனிமத்தை வைத்துப் பிரித்துவிடுகிறார்கள்.

ஈயச் சொம்பும் தங்கச் சங்கிலியும்

இந்தக் கிழட்டு ராட்சதர்கள் கைப்பட்ட பொருள்கள் வீட்டில் எவை? ரசம் வைக்கும் ஈயச் சொம்பு. அதில் இருக்கும் வெள்ளீயத்தில் பாதிக்கு மேல் நிதானப் பிடிப்பில் பிறந்தது. காரீயத்திலும் பெரும் பங்கு அப்படியே. (சொம்பு வாங்கும்போது காரீயம் கலக்காததா என்று கேட்டு வாங்குவது முக்கியம்; அது உடம்புக்கு விஷம்.) அமெரிக்கன் டைமண்ட் கம்மலில் ஸிர்கோனியம், அந்தக் கல்லை நிலைப்படுத்தப் பெரும்பாலும் யிட்ரியமும் சேர்ப்பார்கள். ஸ்மார்ட்போனின் டார்ச் லைட் வெள்ளையாக எரிவதற்குக் காரணம், நீல எல்.இ.டி. மேல் பூசிய மஞ்சள் பூச்சு. அதில் யிட்ரியமும் சீரியமும் இருக்கும். முதல் டோல்கேட்டிலிருந்து ஒன்று, இரண்டாவதிலிருந்து ஒன்று. பட்டாசுக்குப் பச்சை நிறம் கொடுத்துவந்த பேரியத்தில் முக்கால் பங்குக்கு மேல் இவர்கள் தயாரிப்பு. 2018-ல் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரிய உப்புக்குத் தடை விதித்தது வேறு கதை.

தங்கம்? இல்லை. அதில் நூற்றுக்கு ஐந்தாறு பங்குதான் நிதானமாகச் செய்தது. மீதி, நொடிக்குள் நியூட்ரான்கள் அடைமழையாகக் கொட்டும் 'அவசரப் பிடிப்பில்' உருவானது. 2017 ஆகஸ்ட் 17 அன்று, 13 கோடி ஒளியாண்டு தொலைவில் இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதியதைப் பல டெலஸ்கோப்கள் பார்த்தன. அதுபோன்ற மோதல்களில் பிளாட்டினமும் தங்கமும் யுரேனியமும் பிறக்கின்றன. ஆகவே, ஒரு கல் வைத்த மோதிரத்தில், தங்கம் விபத்தில் வந்தது. அமெரிக்கன் டைமண்ட் பொறுமையாக வந்தது. விலை மட்டும் தலைகீழ்.

ஆஸ்திரேலியாவில் விழுந்த தூசி

மேலே வந்த சரக்கு நட்சத்திரத்தை விட்டு வெளியேறுவது காற்றின் வழியாக. நொடிக்குப் பத்து, பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் வாயு வெளியே வழிந்துகொண்டே இருக்கும். குளிர்ந்ததும் அதில் தூசி திரளும். கார்பன் மிகுந்த நட்சத்திரமாக இருந்தால் சிலிக்கான் கார்பைடு துகள்கள் உண்டாகும். உப்புத்தாளில் ஒட்டியிருக்கும் அதே பொருள்.

1969 செப்டம்பர் 28 அன்று, ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணத்தில் மர்ச்சிசன் என்ற ஊரில் ஒரு விண்கல் உடைந்து விழுந்தது. நூறு கிலோவுக்கு மேல் துண்டுகள் பொறுக்கினார்கள். அதைப் பொடித்து அமிலங்களில் கரைத்துக்கொண்டே போனால், கடைசியில் கரையாமல் ஒரு சிட்டிகைப் பொடி மிஞ்சும். வைக்கோல்போரில் ஊசியைத் தேடாமல், போரையே கொளுத்திவிட்டு ஊசியை எடுக்கும் வேலை. ஆய்வாளர்கள் அந்தப் பொடியில் சிலிக்கான் கார்பைடைக் கண்டார்கள். ஒவ்வொரு துகளும் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு. அதற்குள் இருந்த ஸ்ட்ரான்ஷியம், பேரியம், ஸெனான் எல்லாவற்றின் ஐசோடோப் விகிதமும் நிதானப் பிடிப்பின் கணக்கோடு பொருந்தின. சூரியன் பிறப்பதற்கு முன்பே இறந்துபோன கிழட்டு நட்சத்திரங்களின் தூசி, ஆய்வக மேசை மேல்! 2020-ல் வெளியான ஆய்வில், இந்தத் துகள்களில் சிலவற்றின் வயது 700 கோடி ஆண்டு வரை போகிறது. மனிதர்கள் கையில் பிடித்துப் பார்த்த திடப்பொருள்களில் இதைவிடப் பழையது எதுவும் தெரியவில்லை.

அதில் டெக்னீஷியம் இருந்ததா? இருந்திருந்தால் எப்போதோ சிதைந்து ருத்தீனியம்-99 ஆகியிருக்கும். 2004-ல் சிகாகோ அருகே உள்ள ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் ஒரு குழு இந்தத் துகள்களில் ருத்தீனியத்தை எண்ணிப் பார்த்தது. 99 மட்டும், இருக்க வேண்டியதைவிடக் கூடுதலாக இருந்தது. அந்தக் கூடுதல்தான், துகள் உறைந்தபோது உள்ளே மாட்டிக்கொண்ட டெக்னீஷியம். மெரில் ஒளியில் பார்த்ததை, 52 ஆண்டுகள் கழித்து ஒரு மணல் பருக்கையைவிடச் சின்னத் துகளில் எண்ணிவிட்டார்கள்.

மெரிலின் ஆர் ஆண்ட்ரோமெடே சுமார் 409 நாளுக்கு ஒருமுறை பிரகாசித்து மங்குகிறது. உச்சத்தில் இருக்கும்போது அதைப் பார்க்க பைனாகுலர் போதும். பைனாகுலர் இல்லாதவர்களுக்கு, அன்னப்பறவை விண்மீன் கூட்டத்தில், பறவையின் நீண்ட கழுத்தில் இன்னொரு எஸ் வகை நட்சத்திரம் இருக்கிறது. பெயர் கை சிக்னி. செப்டம்பர், அக்டோபர் மாத முன்னிரவுகளில் அந்தக் கூட்டம் தமிழ்நாட்டில் உயரத்தில் தெரியும். 408 நாள் சுழற்சியில் கை சிக்னி உச்சத்துக்கு வரும் சில வாரங்கள் மட்டும் வெறும் கண்ணுக்குச் சிவப்புப் புள்ளியாக அகப்படும். பிறகு மங்கி, பெரிய டெலஸ்கோப்புக்கு மட்டும் தெரியும் அளவுக்குப் போய்விடும். அதன் ஒளியிலும் டெக்னீஷியக் கோடுகள் இருக்கின்றன.